எரிமலைத் தூள் மூட்டை வாங்கும் முன்...

'எரிமலைப் பாறைத் தூள், நெல்லுக்குச் சிலிக்கா சத்து தரும்' என்று சொல்லி விற்கும் மூட்டைகளை வாங்கலாமா என டெல்டா விவசாயிகள் கேட்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் அந்தப் பாறையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூமியின் மேலோடு பல தட்டுகளால் ஆனது. அந்தமான் பகுதியில் இந்தியத் தட்டு இன்னொரு தட்டின் கீழே செருகிப் போகிறது. ஈரத்தோடு இறங்கும் பாறையிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள சூடான பாறையை எளிதில் உருகச் செய்கிறது. அந்தக் குழம்பு மேலே ஏறி வந்து உருவானதுதான் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே உள்ள பாரன் தீவு. 150 ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991ல் மீண்டும் சீறியது.

குழம்பின் குணத்தைப் பெரிதும் முடிவு செய்வது சிலிக்காதான். எடையில் பாதி அளவு இருந்தால் குழம்பு இளகி நெடுந்தூரம் ஓடும். ஆறினால் பசால்ட் பாறை. மகாராஷ்டிரத்தின் தக்காணப் பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலப் பிளவுகள் வழியே இப்படி அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. சிலிக்கா 70 சதவீதத்தை எட்டினால் குழம்பு களி போல இறுகும். வாயு வெளியேற வழியின்றி வெடிக்கும். சுமத்ராவின் டோபா சுமார் 74 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படி வெடித்தது. அந்தச் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது.

நம் மண்ணுக்கு இந்தக் கதை கிடையாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்தாலும், இது காவிரி கொண்டுவந்த வண்டல். பெரும்பாலும் மிகப் பழைய நைஸ் வகைப் பாறைகள் தேய்ந்து வந்தது.

நெல்லுக்குச் சிலிக்கா தேவை என்பது உண்மை. 1 டன் நெல் விளைய சுமார் 80 கிலோ சிலிக்கானைப் பயிர் எடுக்கிறது. தழைச்சத்தைப் போல நான்கு மடங்கு! தண்டு விறைப்பாக நிற்கும், குலை நோயும் தண்டுத் துளைப்பானும் குறையும். ஆனால் கரைந்த சிலிக்காவை மட்டுமே வேர் உறிஞ்சும். கொள்ளிடத்து மணலிலும் பெரும்பகுதி சிலிக்காதான். அதை யாராவது உரமாகப் போடுவார்களா? பசால்ட் தூள் மணலைவிட வேகமாகக் கரையும் என்றாலும், ஒரு பருவத்துக்குள் எவ்வளவு கரையும் என்பதே கேள்வி. மூட்டையில் 'சிலிக்கா 50 சதவீதம்' என்று இருந்தால், 'கரையும் சிலிக்கா எவ்வளவு?' என்று கேளுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பயிர் எடுத்த சிலிக்காவில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. அதைத்தான் கட்டு கட்டாக லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். மாட்டுக்குப் போக மிஞ்சியதையாவது நடவுக்கு 2, 3 வாரம் முன்பே மடக்கி உழுங்கள். குருவைக்கும் சம்பாவுக்கும் இடையில் அவகாசம் இல்லையென்றால் அரிசி ஆலையின் உமிச்சாம்பல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சிலிக்காதான். மிதமான சூட்டில் கருகிய கறுப்புச் சாம்பலே நல்லது. கடும் வெப்பத்தில் வெளுத்துப்போனது எளிதில் கரையாது. தண்ணீர் தெளித்து இறைத்தால் தூசி நெஞ்சுக்குள் போகாது.

தூளைப் போட்டே பார்ப்பேன் என்பவர்கள் அரை மாவில் மட்டும் போட்டு, பக்கத்தில் அரை மாவைச் சும்மா விட்டு, இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள்.