ஒரு வேளை தவறினால் ரத்தத்தில் என்ன நடக்கிறது?

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு வலிப்பு நோய். சில நாள் இரவு மாத்திரையை விட்டுவிடுகிறாளாம். கேட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்கிறாளாம். பிறகு ஏன் வேளை தவறக் கூடாது என்கிறார்கள் என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

மகள் சொல்வது பொய்யில்லை. பெரும்பாலான நாட்களில் உண்மையிலேயே ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓயாத ஒழுக்கு இருக்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை அது. காலையும் இரவும் மோட்டார் போட்டு நிரப்புகிறோம். தொட்டி நிறைந்திருந்தால் வேகமாக ஒழுகும், குறைந்தால் மெதுவாக ஒழுகும். அதனால் இருப்பது பாதியாக எப்போதும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் பிடிக்கும். இதுவே மருந்தின் அரை ஆயுட்காலம்.

இன்று பலருக்கும் எழுதித்தரப்படும் லெவெட்டிராசெட்டத்துக்கு இளம் வயதினரின் உடலில் அது சுமார் 7 மணி நேரம். உச்ச அளவை 100 என்று வைத்தால் 12 மணி நேரத்தில் 30 ஆகிறது. அந்த வேளையை விட்டு மறுநாள் வரை போனால் மிஞ்சுவது 9. பழைய ஃபீனோபார்பிட்டோனுக்கோ அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 4 நாள். ஒரு நாள் விட்டால் 84 இருக்கவேண்டிய இடத்தில் 71 இருக்கும். இரண்டிலும் தவறியது ஒரு வேளைதான். ஒன்றில் தொட்டி தரை தட்டுகிறது, மற்றதில் மட்டம் கொஞ்சம் இறங்குகிறது.

கீழே குழாயைத் திறப்பவருக்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. முக்கால் தொட்டி காலியானாலும் தண்ணீர் வரும். மாத்திரை போட்ட இரவும் விட்ட இரவும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுபோலவே கழிகின்றன. பிறகு தேர்வு வாரம் வருகிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கமின்மையே வலிப்பைத் தூண்டும். மட்டம் இறங்கிய நாளும் தூக்கம் கெட்ட நாளும் சேர்ந்துவிட்டால் வலிப்பு வந்துவிடலாம்.

விட்டதைச் சேர்த்துப் போட்டால் என்ன? ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்தில் அது ஆபத்து. அந்தத் தொட்டியின் ஒழுக்குக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. கல்லீரல் நொதிகள் அந்த வேகத்தை எட்டிவிட்டால், சற்றுக் கூடுதலாக ஊற்றினாலும் மட்டம் கிடுகிடுவென ஏறி வழியும். நடை தள்ளாடும், கருவிழி ஆடும், பேச்சு குழறும்.

  

வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளக் கருவிகள் உதவுமா? மாத்திரைக்குள் உணரி வைத்து, விழுங்கியதைக் கைப்பேசிக்குச் சொல்லும் மனநல மருந்து ஒன்றை 2017-ல் அமெரிக்கா அனுமதித்தது. பெரிய பரபரப்பு. ஆனால், அதனால் நோயாளிகள் ஒழுங்காக மருந்து எடுப்பார்கள் என்று நிரூபிக்கப்படவில்லை என அனுமதி தந்த அமைப்பே சொன்னது. உணரியை உருவாக்கிய புரோட்டியஸ் நிறுவனம் 2020-ல் திவாலானது. கைப்பேசி மணியும் நாள்வாரி மாத்திரைப் பெட்டியும் மறப்பவருக்கு உதவக்கூடும். மறைப்பவருக்கு உதவாது. இந்தியாவில் இளம் பெண்கள் பலர் வலிப்பு நோயை மறைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாகவே இருந்தது. 1999-ல்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் மாறிய அளவுக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் மாறவில்லை. அறைத்தோழியின் முன் மாத்திரையைப் பிரிக்கத் தயங்கும் பெண்ணிடம் எந்த உணரியும் தோற்றுப்போகும்.

அம்மா, தினமும் தொலைபேசியில் “போட்டியா?” என்று அதட்ட வேண்டாம். மகளையே மருத்துவரிடம் பேசவிடுங்கள். வேளை தவறினால் என்ன செய்வது, தினம் ஒரே வேளையாக எடுக்கும் வடிவம் தனக்குப் பொருந்துமா, பின்னாளில் கருத்தரிக்க எண்ணினால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று அவளே கேட்டு எழுதி வாங்கட்டும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது. விடுதியில் ஒரு தோழிக்காவது விஷயம் தெரியட்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி தர வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.