பிரீமியம் ஏன் ஏறுகிறது?

"ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில படுக்கலை, எங்களுக்கு எதுக்கக்கா பிரீமியத்தை ஏத்தினாங்க?" எங்கள் சித்தையன்கோட்டையில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். கம்பெனியின் வரவு செலவைப் பார்த்தால்தான் பதில் புரியும்.

பால்காரர் ஒருவர் ஒரு வருஷத்துப் பால் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புண்ணாக்கு விலை ஏறினால்? வருஷம் முடிகிற வரை அவருக்குக் கைநஷ்டம்தான். மருத்துவ இன்ஷூரன்ஸும் அப்படியே. ஆஸ்பத்திரிச் செலவு இன்றைக்கே ஏறிவிடும்; உயர்த்திய பிரீமியமோ ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப்பிக்கும் தேதி வரும்போதுதான் வந்து சேரும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் கம்பெனியின் கணக்கைப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021-22-ல் நூறு ரூபாய் பிரீமியத்தில் 87 ரூபாய் சிகிச்சைக்கே போயிற்று. ஏஜெண்ட் கமிஷன், ஆபீஸ் செலவு வேறு. நஷ்டம் ஆயிரம் கோடிக்கு மேல்! 2023-ல் 'பேமிலி ஹெல்த் ஆப்டிமா' பாலிசியின் விலையைச் சுமார் 25 சதவீதம் கூட்டினார்கள். 2023-24-ல் சிகிச்சைப் பங்கு 66 ரூபாய் சொச்சம். லாபம் 845 கோடி. அடுத்த வருஷமே அந்தப் பங்கு 70-ஐத் தாண்டியது. பிரீமிய வசூல் கூடியும் லாபம் 646 கோடியாகச் சுருங்கிவிட்டது. நூற்றுக்கு நாலு ரூபாய் என்ன பெரிசு என்று நாம் நினைப்போம். அங்கே லாபத்தில் 200 கோடி குறைந்திருக்கிறது! அந்த வருஷம் சிகிச்சையும் மற்றச் செலவுகளும் சேர்ந்து நூறையே தாண்டிவிட்டன. கைகொடுத்தது முதலீட்டு வருமானம்தான்.

சரி, இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போகலாமா? அதுவும் நடக்காது. விலை கூடினால் திடமாக இருப்பவர்கள் "நமக்கெதுக்கு?" என்று விலகுவார்கள், நோயாளிகள் விலகமாட்டார்கள். பிறகு செலவு இன்னும் ஏறும். அறுபது வயதானவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதென்றால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது.

அதற்காகக் கோபத்தில் பாலிசியை விட்டுவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கான காத்திருப்பு (அதிகபட்சம் மூன்று வருஷம்) மறுபடி முதலிலிருந்து. கம்பெனி பிடிக்கவில்லையா? புதுப்பிக்க நாற்பத்தைந்து நாள் இருக்கும்போதே வேறு கம்பெனிக்கு மாற விண்ணப்பித்துவிடுங்கள். பழைய காப்புத் தொகை வரைக்கும் காத்திருந்த வருஷங்களும் கூடவே வரும். இன்னொன்று: தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.