நீரிறைக்கும் பம்பியின் வால்வுகளும் குழாய் இணைப்புகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயம், மிளகாய், மரக்கறி முதலியன கிணற்று நீரை நம்பியே செய்கை பண்ணப்படுகின்றன. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலம் மாறி, மண்ணெண்ணெயினாலோ மின்சாரத்தினாலோ இயங்கும் பம்பிகள் இப்போது இவ்வேலையைச் செய்கின்றன. இயந்திரம் ஓடியும் நீர் ஏறாதிருத்தல் கமக்காரர் பலரும் அறிந்த தொல்லையாகும். எரிபொருள் வீணாகின்றது; இறைப்பு முறை தவறிப் பயிர் வாடுகின்றது. இவ்வேளையில் இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்னர், கிணற்றினுள் இறங்கும் குழாயையும் அதன் வால்வையும் இணைப்புகளையும் பரிசோதித்தல் வேண்டும். குறை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

நீர் ஏறும் விதம்

பம்பியானது உறிஞ்சு குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கின்றது. அப்பொழுது கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்தும் வளிமண்டல அமுக்கம் நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. இவ்வமுக்கம் நீரை ஏறத்தாழ 34 அடிக்கு மேல் உயர்த்த மாட்டாது. உராய்வு முதலிய காரணங்களால் நடைமுறையில் 20 அடி முதல் 22 அடி வரையே எதிர்பார்க்கலாம். ஆகவே, பம்பியை நீர் மட்டத்துக்கு இயன்றளவு அண்மையில் வைத்தல் நன்று. ஆயினும், எண்ணெயில் இயங்கும் எஞ்சினை ஒருபோதும் கிணற்றினுள் இறக்கலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு உயிரைப் போக்கவல்லது.

அடிவால்வு

புட்வால்வு என வழங்கும் அடிவால்வு, உறிஞ்சு குழாயின் கீழ்நுனியில் பொருத்தப்படுவது. இது நீரை மேலே செல்லவிடும், கீழே திரும்பவிடாது. இதன் மூடி தேய்ந்தாலும், மணலோ சருகோ இடையில் அகப்பட்டாலும், பம்பி நின்றதும் குழாயிலுள்ள நீர் வடிந்து அவ்விடத்தைக் காற்று நிரப்பும். காற்று நிறைந்த பம்பி நீரை ஏற்றாது.

இதனை எளிதிற் பரிசோதிக்கலாம். மாலையில் பம்பியையும் குழாயையும் நீரால் விளிம்புவரை நிரப்பிவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்து, இணைப்பொன்றில் ஈரம் கசிந்திருப்பின் அவ்விணைப்பே குறையுடையது. கசிவு எங்கும் தென்படாவிடின் அடிவால்வைத் தூக்கித் துப்புரவு செய்து, தேய்ந்த மூடியை மாற்றுக.

இறைக்கும்போது நீர் மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும், அடிவால்வு அதற்குக் கீழே ஒன்றரை அடியாவது அமிழ்ந்திருத்தல் வேண்டும். கிணற்றின் அடித்தளத்திலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருப்பின் சேறும் மணலும் புகா.

உறிஞ்சு குழாய்

1. குழாய் பம்பியின் வாயிலும் சிறியதாயிருத்தல் ஆகாது.

2. எல்போ என்னும் வளைவுத் துண்டுகளை இயன்றளவு குறைத்தல் வேண்டும். ஒவ்வொரு வளைவும் நீரோட்டத்தைத் தடுக்கும்.

3. கிடையாகச் செல்லும் பகுதி பம்பியை நோக்கிச் சற்றே உயர்ந்து செல்லல் வேண்டும். இடையில் மேடு இருப்பின் அங்கே காற்றுத் தங்கும்.

4. மரையுள்ள இணைப்புகளுக்குச் சணல்நாரும் பூச்சும் அல்லது டெஃப்லன் நாடா சுற்றி இறுக்குதல் வேண்டும். பீவீசீ இணைப்புகளைத் துடைத்து உலர்த்திய பின்னரே பசையிட வேண்டும். நீர் சொட்டாத நுண்ணிய துவாரமும் காற்றை உள்ளிழுக்கும் என்பதை மறத்தலாகாது.

5. யூனியன் இணைப்பு ஒன்றைப் பம்பிக்கு அருகில் அமைத்தால், குழாயை வெட்டாமலே கழற்றித் திருத்தலாம்.

வெளியேற்று குழாய்

நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் கேற்வால்வை வெளியேற்று குழாயிலேயே பொருத்துதல் வேண்டும். உறிஞ்சு குழாயை அடைத்து நீரைக் குறைப்பது பம்பியைப் பழுதாக்கும். இவ்வால்வை மூடிப் பம்பியை இயக்கி, வேகம் கொண்டதும் மெல்லத் திறப்பது முறையாகும். மூடியவாறே நெடுநேரம் ஓடவிடின் பம்பி சூடேறும்.

இவ்வால்வினால் வேறொரு நன்மையும் உண்டு. குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பாறையில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. ஊறும் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறிக் கிணற்றைக் கெடுக்கும். கிணற்றின் மட்டம் விரைந்து தாழ்வதைக் கண்டால் வால்வைச் சிறிது மூடி, மெதுவாக இறைத்தல் வேண்டும்.

பயிர் நீரை வேண்டி நிற்கும் நாளிற் குறை தேடுதல் காலங் கடந்த செயலாகும். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் அடிவால்வையும் இணைப்புகளையும் பரிசோதித்து வைக்கும் கமக்காரருக்கு எரிபொருளும் மிஞ்சும், இறைப்பும் தவறாது.