பந்தின் ஓசையும் படத்தின் உண்மையும்

நம் மாணவர் பலர் இக்காலத்தில் குறும்படங்களும் வானொலி நாடகங்களும் இயற்ற முற்பட்டிருத்தல் மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், காட்சிக்கு அளிக்கும் கவனத்தில் ஒரு பங்கேனும் ஓசைக்கு அவர்கள் அளிப்பதில்லை. இக்குறையைக் கூடைப்பந்தின் ஓசை என்னும் எளிய உதாரணங் கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பெற்றது. பந்து தரையில் மோதுங்கால் அதன் தோலும் உள்ளடங்கிய காற்றும் ஒருங்கே அதிர்கின்றன. தரையும் உடன் அதிர்கின்றது. ஆகவே மரத்தளத்தில் எழுவது முழவொத்த ஓசை. சிமெண்டுத் தளத்தில் எழுவது கூரிய ஓசை. மண்ணில் எழுவதோ உடனே அடங்கும் மந்த ஓசை. மூடிய மண்டபத்தில் எதிரொலி நீடிக்கும். திறந்த வெளியில் நீடியாது.

இனி, ஆரணியில் நெசவாளர் தெருவொன்றைப் படம்பிடிப்பதாகக் கொள்வோம். சிறுவர் மண்திடலிற் பந்து தட்டுகின்றனர். அருகே ஒரு வீட்டிற் பட்டுத்தறி இயங்குகின்றது. அயல்நாட்டு மண்டபத்திற் பதிவான பந்தோசையை இக்காட்சியோடு இணைப்பின், காரணம் அறியாதவரும் ஏதோ பொய்யென்று உணர்வர். கைத்தறிக்கு விசைத்தறியின் ஓசையை இணைப்பதோ அதனினும் பெரும் பிழை. ஒருவன் தன் தந்தையின் கைத்தொழிலுக்குத் தானே பொய்ச்சாட்சி கூறுதலை அஃது ஒக்கும்.

காலக் கணக்கும் இன்றியமையாதது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆட்டக்களத்தின் நீளம் 28 மீட்டர். ஆதலின் மறுமுனையில் மோதிய பந்தின் ஓசை, விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் இரண்டு சட்டங்கள் பிந்தியே நம்மை எட்டும். அன்றியும், கையால் தட்டும் பந்து சம இடைவெளியில் ஒலிக்கும். கைவிட்ட பந்தின் இடைவெளியோ வரவரக் குறுகும். ஒரே ஓசையைப் பன்முறை ஒட்டுவோர் இவ்வேற்றுமையை மறந்துவிடுகின்றனர்.

நிற்க. பிறர் பதிவு செய்த ஓசையும் பிறர் உடைமையே. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகட்கு 60 ஆண்டுக் காப்பளிக்கின்றது. அனுமதி பெற்றே அவற்றைக் கையாளல் வேண்டும்.

இவ்விடர்கள் அனைத்திற்கும் எளிய பரிகாரம் ஒன்றுண்டு. காட்சியை எடுத்த இடத்திலேயே பந்தைத் தட்டி, அண்மையிலும் சேய்மையிலும் நின்று பதிவு செய்க. கருவியை நிறுத்துமுன் தறியருகேயும் சிறிது நேரம் வைத்திடுக. பந்தோசையை நாளையும் பெறலாம். அத்தெருவின் கைத்தறியோசை நாளையும் கேட்கும் என்று உறுதி கூறுவார் யார்?