லண்டன் நிறுத்தியது, மெல்போர்ன் நடத்தியது

ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ பற்றிப் பேச்சு வந்தால் 1895-ஐ எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் அரங்கேற்றம், அமோக வரவேற்பு. ஏப்ரல் 5 அன்று, ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் வைல்ட் கைது. மே மாதம் நாடகமும் நின்றது. அத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். அந்த ஆண்டில் நடந்த இன்னொன்றும் உண்டு. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளும்.

முதலில் நாடகம். கிராமத்தில் பெரிய மனிதராக நடமாடும் ஜாக், லண்டனுக்கு வந்து உல்லாசமாக இருக்க ஒரு பொய் வைத்திருக்கிறான்: தனக்கு எர்னஸ்ட் என்று ஊதாரித் தம்பி இருக்கிறான், அவனைத் திருத்தத்தான் அடிக்கடி போகிறேன் என்று. லண்டனில் எர்னஸ்ட் என்ற பெயரில் திரிவதும் அவனேதான். நண்பன் அல்ஜெர்னன் இதைக் கண்டுபிடித்து, அந்தத் தம்பி நான்தான் என்று கிராமத்து வீட்டிலேயே போய் இறங்கிவிடுகிறான். இரண்டு பெண்கள், இருவருக்கும் கட்டினால் எர்னஸ்ட் என்ற பெயர்க்காரனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம். இவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் பேச்சு. ஒரு நடிகர் அரை நொடி பிந்தினாலும் வசனம் செத்துவிடும் வகைப் பேச்சு.

காலனிகள் இந்த நாடகத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஊதாரித் தம்பியை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிவிடுவதாக ஜாக் முடிவு செய்திருக்கிறான். அங்கே போவதைவிடச் சாவது மேல் என்கிற பாணியில் அல்ஜெர்னன் பதில் சொல்கிறான். ஜாக்கின் பிறப்பு ரகசியம் அவிழும்போது, அவன் தகப்பனார் இந்தியாவில் இருந்த ஒரு ஜெனரல் என்று தெரிகிறது. அவருடைய கிறுக்குக் குணத்துக்கு இந்தியாவின் தட்பவெப்பத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார், அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாயான லேடி பிராக்னெல். லண்டன் வரவேற்பறைக்கு, வேண்டாத பிள்ளைகளை அனுப்பி வைக்கும் இடம்தான் காலனி. அப்படி அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கும் ஊரில் இந்த நாடகம் என்ன ஆனது என்பதே கேள்வி.

அதற்கு ஒரு கம்பெனியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்து நாடகாசிரியர் டயன் பூசிகோ 1885-ல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் வந்தார். கூட வந்த மகன், அவர் பெயரும் டயன்தான், அங்கேயே தங்கிவிட்டார். ராபர்ட் பிரஃப் என்ற நகைச்சுவை நடிகரோடு சேர்ந்து அடுத்த ஆண்டு பிரஃப்–பூசிகோ கம்பெனியைத் தொடங்கினார். 1889-ல் மெல்போர்னின் பிஜூ தியேட்டர் எரிந்து போனது. 1893-ல் அந்த ஊர் வங்கிகளே கதவை மூடின. அதையெல்லாம் தாண்டிப் பத்தாண்டு தாக்குப்பிடித்த கம்பெனி இது. லண்டனின் புது நகைச்சுவை நாடகங்களை அதே நேர்த்தியோடு, ஒரு நட்சத்திரத்தை முன்னே நிறுத்தாமல் மொத்தக் குழுவும் பழகிப் பழகி ஆடுவதே இவர்கள் பாணி. வைல்டின் ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ நாடகத்தை ஆஸ்திரேலியாவில் போட்டவர்களும் இவர்களே.

அந்தக் காலத்தில் ஒரு நாடகம் காலனிக்கு எப்படிப் போய்ச் சேரும்? காலனிகளில் நடத்தும் உரிமையைத் தனியே வாங்க வேண்டும். ‘எர்னஸ்ட்’ புத்தகமாக அச்சானது 1899-ல்தான். 1895-ல் இருந்தது கைப்பிரதி மட்டுமே. அது கப்பலில் சூயஸ் கால்வாய் வழியாக வாரக்கணக்கில் பயணப்பட வேண்டும். ஆனால் செய்தி அப்படியல்ல. 1872-லேயே லண்டனையும் ஆஸ்திரேலியாவையும் தந்தி இணைத்துவிட்டது. அந்தக் கடலடிக் கம்பி நம் மதராஸிலிருந்துதான் பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியாக டார்வினுக்குப் போனது. அதனால் மே 25 அன்று வைல்டுக்கு இரண்டாண்டு கடுங்காவல் விதித்த சேதி காலனிப் பத்திரிகைகளுக்குக் கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. ஊருக்கே தெரியும்.

லண்டனில் என்ன செய்தார்கள்? தயாரிப்பாளரும் ஜாக்காக நடித்தவருமான ஜார்ஜ் அலெக்சாண்டர், கைதுக்குப் பிறகு விளம்பரப் பலகையிலிருந்து ஆசிரியர் பெயரை அழித்தார். அப்படியும் மே 8-ம் தேதி நிறுத்த வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் ஏப்ரல் 22 அன்று தொடங்கியதும் சில வாரங்களில் படுத்துவிட்டது.

ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்னில் பிரஃப்பும் பூசிகோவும் அதே நாடகத்தை மேடையேற்றினார்கள். வைல்ட் அன்று வாண்ட்ஸ்வொர்த் சிறையில் இருந்தார். நாடகம் உடனே வெற்றி பெற்றது.

லண்டனில் முடியாதது ஏன் அங்கே முடிந்தது? தூரம் என்பார்கள். தந்தி வந்த பிறகு அந்தச் சமாதானம் போதாது. என் கணிப்பு வேறு. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர் பிரபுக் குடும்பங்களை நம்பி நின்றது. வைல்டோடு மோதி அவர் கைதுக்குக் காரணமான குவீன்ஸ்பெரி பிரபு அந்த வட்டத்துக்காரர். நாடகத்துக்குப் போவதே ஒரு பக்கம் சேர்வதாகிவிடும் நிலை. மெல்போர்னில் ஜனங்கள் போனது கம்பெனியை நம்பி. இந்த நடிகர்கள் போட்டால் நன்றாக இருக்கும் என்ற பல வருட நம்பிக்கை அது. ஆஸ்திரேலியாவைப் பற்றிய அந்தக் கிண்டலைத் தவிர, நாடகத்துக்குள்ளும் எவர் மனமும் நோக ஒன்றுமில்லை. ஆசிரியரின் தண்டனையை நாடகத்தின் மீதும் சுமத்த அவர்கள் மறுத்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின்கதையும் உண்டு. அலெக்சாண்டர் 1902-ல் நாடகத்தை மீண்டும் எடுத்தார். திவாலான வைல்டிடமிருந்து போன உரிமையை அவரே வாங்கி வைத்திருந்தார். கடைசியில் அதை வைல்டின் மகனுக்கே எழுதி வைத்தார், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. பூசிகோ லண்டன் திரும்பி 1904-ல் ‘பீட்டர் பான்’ நாடகத்தின் முதல் தயாரிப்பை இயக்கினார்; பீட்டராக நடித்தது அவர் தங்கை நீனா. அதற்கு முன்பே, 1901-ல் அவர் மணந்த ஐரீன் வான்ப்ரோ யார் தெரியுமா? எர்னஸ்ட் என்ற பெயருக்காகப் பிடிவாதம் பிடிக்கும் இரு பெண்களில் ஒருத்தியான க்வெண்டலினாக, செயின்ட் ஜேம்ஸ் மேடையில் முதலில் நடித்தவர். லண்டனில் அந்த வேஷம் கட்டியவரும் மெல்போர்னில் நாடகத்தைக் காப்பாற்றியவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1920-களில் இருவரும் சேர்ந்தே ஆஸ்திரேலியாவுக்கு நாடகம் போட வந்தார்கள். மெல்போர்னும் எர்னஸ்டை விடவில்லை: 2011-ல் மெல்போர்ன் தியேட்டர் கம்பெனி தயாரிப்பில் லேடி பிராக்னெலாக வந்தவர் நடிகர் ஜெஃப்ரி ரஷ்.

இந்த நாடகம் நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிப்ரவரி 14-ஐப் பலகையில் எழுதும்போது, பக்கத்திலேயே ஆகஸ்ட் 10, மெல்போர்ன் என்றும் எழுதுங்கள்.