நினிவே முதல் நீர்கொழும்பு வரை

யோனா இறைவாக்கினரின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டறிந்த நம் பிள்ளைகளுக்கு நினிவே என்னும் பெயர் புதிதன்று. அம்மாநகரின் இடிபாடுகள் ஈராக்கு நாட்டில், டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள மோசூல் நகரில் இன்றும் உள்ளன. அங்கே யோனாவின் கல்லறை எனக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருங்கே போற்றி வந்த பள்ளிவாசல் ஒன்று இருந்தது. 2014 ஜூலை 24 அன்று அதனை வெடி வைத்துத் தகர்த்தவர்கள் வேற்று மதத்தினர் அல்லர்; ‘இஸ்லாமிய அரசு’ என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்ட ஐ.எஸ். கூட்டத்தினர். அதற்கு ஐந்தாண்டுகள் நிறையுமுன், அதே இயக்கத்தின் பெயரால், நம் கடலுக்கு அப்பால் இலங்கையில் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில் குண்டுகள் வெடித்தன. மோசூலில் மூண்ட தீ நம் வாயிற்படி வரை வந்த வகையை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம்.

இவ்வியக்கத்தின் வேர் 2003-ல் அமெரிக்கப் படைகள் ஈராக்கில் நுழைந்த காலத்தில் உள்ளது. சதாம் உசேனின் இராணுவம் ஒரே ஆணையால் கலைக்கப்பட்டது. ஆயுதம் ஏந்தப் பழகிய பல்லாயிரவர் பிழைப்பிழந்து தெருவில் நின்றனர். நாட்டில் சிறுபான்மையினராயினும் அதுவரை ஆட்சியில் மேலோங்கியிருந்த சுன்னி மக்கள், இனித் தமக்கு இடமில்லை என்று மனம் புழுங்கினர். அப்புழுக்கத்தை முதலாக்கிக்கொண்டவர் ஜோர்தான் நாட்டவரான அபு முசாப் அல்-சர்க்காவி. 2004-ல் அவர் தம் கூட்டத்தை அல்-கொய்தாவுடன் இணைத்தார். 2006 ஜூன் மாதம் விமானத் தாக்குதலில் மாண்டார். பின்னர் சுன்னி இனக்குழுத் தலைவர்களே இக்கூட்டத்தின் கொடுமை பொறாது எதிர்த்தெழ, இயக்கம் ஏறக்குறைய அழிந்துவிட்டது என்றே உலகம் எண்ணியது.

அது அழியவில்லை. 2010-ல் தலைமையேற்ற அபு பக்கர் அல்-பாக்தாதிக்கு, 2011-ல் மூண்ட சிரியாவின் உள்நாட்டுப் போர் புது நிலம் தந்தது. தன்னை வளர்த்த அல்-கொய்தாவே 2014 பிப்ரவரியில் இக்கூட்டத்தைக் கைகழுவியது. அவ்வாண்டு ஜூன் 10 அன்று மோசூல் வீழ்ந்தது. எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்திருந்த ஈராக்கியப் படையினர் சீருடையைக் கழற்றியெறிந்துவிட்டு ஓடினர். ஊழலால் உள்ளீடற்றுப் போன படை அது. சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்த வீரர் பலர் என்பது பின்னர் வெளிப்பட்டது. அம்மாத இறுதியில் பாக்தாதி ‘கலீபா’ எனப் பறைசாற்றப்பட்டார். எண்ணெய்க் கிணறுகள், கட்டாய வரி, ஆட்கடத்தல், தொல்பொருள் விற்பனை ஆகியவற்றால் பணம் பெருகிற்று. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குச் சென்று சேர்ந்தனர்.

மோசூல் கிறிஸ்தவர்கள் பட்டதை நாம் சற்று நின்று கேட்க வேண்டும். அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் ‘நஸ்ரானி’, அதாவது நாசரேத்தூரார், என்ற சொல்லின் முதல் எழுத்தான அரபு ‘நூன்’ பொறிக்கப்பட்டது. மதம் மாறு, வரி கட்டு, வெளியேறு, இன்றேல் வாள் என்பது ஆணை. 2014 ஜூலை 19 நண்பகல் கெடு. வெளியேறியவர்களிடம் சோதனைச் சாவடிகளில் பணமும் நகையும் பறிக்கப்பட்டன. திருமண மோதிரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆகஸ்டு 6 இரவு, சிரிய கத்தோலிக்கரின் பெரிய ஊரான கரகோஷும் நினிவே சமவெளியின் பிற ஊர்களும் காலியாயின. ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் எர்பில் நகரின் கோவில் வளாகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒண்டினர். அதே வாரத்தில் சிஞ்சார் மலைப்பகுதியில் யசீதி ஆடவர் கொன்று குவிக்கப்பட்டனர். அவர்தம் பெண்கள் சந்தையில் விற்கப்பட்டனர். 2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் 21 தொழிலாளர் கழுத்தறுக்கப்பட்டனர். அவர்களுள் இருபதின்மர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர், ஒருவர் கானா நாட்டவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2023-ல் அவர்களை உரோமை மறைச்சாட்சியர் நூலில் சேர்த்தார். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற ஏழைகள் அவர்கள். நாமக்கல் முட்டையோடு நம் வீட்டுப் பிள்ளைகளையும் வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவைக்கும் நமக்கு அத்தாய்மாரின் துயரம் விளங்காததன்று.

இவர்கள் கையில் மாண்டவருள் பெரும்பாலோர் இஸ்லாமியரே என்பதையும் இங்கேயே கூறிவிட வேண்டும். மோசூலின் தொன்மையான அல்-நூரிப் பெரிய பள்ளிவாசலை 2017 ஜூனில் தகர்த்தவர்களும் இவர்களே.

வீழ்ச்சி விரைவாகவே வந்தது. பன்னாட்டு வான்படைகளின் துணையோடு ஈராக்கியப் படையும் குர்து மக்களும் ஒவ்வோர் ஊராக மீட்டனர். 2017 ஜூலையில் மோசூலும், அக்டோபரில் ராக்காவும் மீண்டன. 2019 மார்ச் 23 அன்று பாகூஸ் என்னும் சிற்றூரோடு அவர்களது கடைசி நிலமும் பறிபோயிற்று. பாக்தாதி அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்கப் படையினர் சூழ்ந்துகொண்டபோது, தன் உடலில் கட்டியிருந்த வெடியால் மாண்டார். அவருக்குப்பின் தலைமையேற்ற மூவர் 2022, 2023 ஆண்டுகளுக்குள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர்.

ஆனால் பாகூஸ் வீழ்ந்து நான்கு வாரங்கள்தாம் கழிந்திருந்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பின் மூன்று பெரிய விடுதிகள். உயிரிழந்தோர் 260-க்கும் மேற்பட்டோர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் அதிகம். சீயோன் சபையில் மாண்டவருள் பலர் ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர். கொச்சிக்கடை அந்தோனியாரை நாடிச் செவ்வாய்தோறும் வருவோர் கத்தோலிக்கர் மட்டுமல்லர். இந்துக்களும் பௌத்தரும் இஸ்லாமியரும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவர்.

இதில் நம் நெஞ்சைக் குத்தும் செய்தி ஒன்று உண்டு. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி சஹ்ரான் ஹாசிம் நஞ்சைப் பரப்பியது பெரும்பாலும் தமிழில்தான். நாம் செபிக்கும் இதே மொழியில் பேசிய அவ்வுரைகள் கைப்பேசி வழியாக வீட்டுக்குள் நுழைந்தன. காத்தான்குடியும் இரத்தம் கண்ட ஊரே. 1990 ஆகஸ்டு 3 அன்று அங்குள்ள பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது விடுதலைப் புலிகளின் செயல் என்றே அம்மக்கள் கூறிவருகின்றனர். ஆயினும் பழைய காயம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை. அதே காயத்தைச் சுமந்த அவ்வூரார்தாம் சஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள். 2017-ல் சூபி நெறியினரோடு அவர் கூட்டம் மோதியபின் அவர் தலைமறைவானார். இந்திய உளவுத்துறை 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே எச்சரிக்கை அனுப்பியும் கொழும்பில் கோப்பு நகரவில்லை. கடமை தவறிய முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு உண்மையும் வெளிவர வேண்டுமெனக் கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டுதோறும் குரல் எழுப்பி வந்துள்ளார். பழிவாங்கலாகாது என்று முதல் நாள் முதலே தம் மக்களை அடக்கிவைத்தவரும் அவரே. அப்படியும் அவ்வாண்டு மே மாதம் இஸ்லாமியரின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஒன்றுமறியாத ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நம் பக்கத்திலும் பொறி விழாமலில்லை. சேலத்திலிருந்து மூன்று மணிப் பயணத்திலுள்ள கோவையில், 2022 அக்டோபர் 23 அதிகாலை, கோட்டை ஈசுவரன் கோவில் முன் கார் ஒன்று வெடித்து அதை ஓட்டிவந்த இளைஞர் மாண்டார். அவர் ஐ.எஸ். தலைமைக்கு உறுதிமொழி எடுத்தவர் என்பது தேசியப் புலனாய்வு முகமையின் குற்றச்சாட்டு. 1998-ன் தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேரை இழந்த அந்நகர் மீண்டும் கலவரத்துக்கு இரையாகிவிடுமோ என்று நாமும் அஞ்சினோம். சில நாள்களில் ஜமாத்தார் அக்கோவிலுக்கே சென்று அர்ச்சகரையும் நிர்வாகத்தினரையும் கண்டு தம் நல்லெண்ணத்தைத் தெரிவித்தனர். குழந்தை வீறிட்டு அழுதால் மாலையில் பள்ளிவாசல் வாயிலில் நின்று ஓதி ஊதி வரும் தாய்மார் எல்லா மதத்திலும் உள்ள ஊர்கள் நம் ஊர்கள். அப்பழக்கம் ஒரு காவல் நிலையத்துக்கு நிகர் என்பது நம் கருத்து.

நிலத்தை இழந்தாலும் அவ்வியக்கம் பெயரை இழக்கவில்லை. 2021-ல் காபூல் விமான நிலையத்திலும், 2024-ல் மாஸ்கோ இசையரங்கிலும் அதன் ஆப்கானியக் கிளை கொன்று குவித்தது. 2025 ஜூலையில் காங்கோ நாட்டின் கொமாண்டாவில், கத்தோலிக்கக் கோவிலில் இரவு வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை அதனோடு தொடர்புடைய கும்பல் ஒன்று தாக்கியதில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர்.

2021 மார்ச் 7 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மோசூலின் இடிந்த கோவில்களுக்கு நடுவே நின்று இறந்தோருக்காகச் செபித்தார். பின்பு கரகோஷ் சென்றார். அங்குள்ள அமல அன்னை பேராலயத்தின் முற்றத்தைத்தான் ஐ.எஸ். படையினர் துப்பாக்கிப் பயிற்சிக் களமாக வைத்திருந்தனர். அன்று அக்கோவில் சீர்செய்யப்பட்டு, மக்கள் நிறைந்து, திருத்தந்தையை வரவேற்றது. எனினும் கரகோஷை விட்டுச் சென்ற குடும்பங்களில் ஏறக்குறையப் பாதியே திரும்பியிருந்தன. ஏனையோர் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிவிட்டனர். ஆண்டவர் பேசிய அரமேய மொழியின் வழிவந்த பேச்சை அங்கே அவர்களுடைய வீட்டு முதியோர் பேசுகின்றனர்; பள்ளி செல்லும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மறுமொழி கூறுகின்றனர்.