பங்குனி ஆமையைக் காணச் சென்றோம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியோர் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதை இன்னும் மெய்யென்று கொள்ளும் இல்லங்கள் நம் மாத்தூர்ப் பங்கிலும் உண்டு. 2025ஆம் ஆண்டுத் தவக்காலத்து வெள்ளிக்கிழமையொன்றில், சிலுவைப்பாதை முடிந்தபின், சில குடும்பங்களுடன் கடலாமை காணப் புறப்பட்டோம். "போயும் போயும் ஆமையையா பார்க்கப் போறீங்க, சாமி?" என்று கேட்ட மூதாட்டி ஒருவர், சிலுவை அடையாளமும் வரைந்துகொண்டார்!

கடல் நமக்கு அருகில் இருக்க, தெற்கே நீலாங்கரைக்கு ஏன் செல்லவேண்டும்? ஆமை முட்டையிட மணல் வேண்டும். நம் கரையிலோ பெரும்பாலும் கருங்கல்லே கிடக்கிறது. 1876இல் துறைமுகப் பணி தொடங்கியபின், வடக்கே நகர்ந்துவந்த மணல் தடைபட்டு மெரினாவில் சேர்ந்தது. இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. போதாக்குறைக்கு, 2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெயும் கரையில் படிந்தது.

நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான கரையில், 1970களிலேயே பாம்புப் பண்ணை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ஆமைகளைத் தேடி இரவில் நடந்தனர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அப்பணியைத் தொடர்கின்றனர். அவர்களோடுதான் நள்ளிரவில் நடந்தோம். கைவிளக்கு இல்லை, உரத்த பேச்சு இல்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டாவதே பெருந்தவமாயிற்று.

ஆமையைக் காணும் பேறு கிட்டவில்லை. டிராக்டர் சக்கரம் உருண்டதுபோன்ற தடம் மட்டும் மணலில் தெரிந்தது. தொண்டர் ஒருவர் கையால் தோண்ட, ஒன்றரை அடி ஆழத்தில், மேசைப்பந்துகள் போன்ற முட்டைகள் நூற்றுக்கு மேல் வந்தன. நாயும் மனிதரும் தீண்டாதபடி அவற்றைக் குஞ்சு பொரிப்பகத்தில் மீண்டும் புதைப்பார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் பொரியும். மணல் மிக வெப்பமானால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும் என்றார். நீர்வாழ்வன ஐந்தாம் நாளிலும் ஊர்வன ஆறாம் நாளிலும் படைக்கப்பட்டன எனில், ஆமை எந்நாளைச் சேர்ந்தது என்று மறைக்கல்விச் சிறுவன் ஒருவன் கேட்டான். குருமடத்தில் எவரும் நம்மை இவ்வாறு கேட்டதில்லை.

சற்றுத் தொலைவில் செத்த ஆமையொன்று கிடந்தது. அவ்வாண்டு சனவரியில் சென்னைக் கரையோரம் 1,000க்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியதை அனைவரும் அறிந்திருந்தோம். ஆமைக்கு நுரையீரலே உண்டு. மூச்சுவிட மேலே வரவேண்டும். இழுவலையில் சிக்கினால் நீரிலேயே மூச்சடைத்து மடியும். நம்முடன் வந்த, காசிமேட்டுப் படகில் தொழில் செய்யும் அன்பர் முகம் வாடி, "வேணும்னா பிடிக்கிறோம், சாமி? வலையைத் தூக்கினப்புறந்தானே தெரியுது" என்றார். அவர் சொல்வதில் உண்மையுண்டு. ஆயினும் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடலாகாது என்பது சட்டம். ஆமைகள் கூடுவதும் அக்கரையோர நீரிலேதான். ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடையோ, ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டுச் சென்றபின்னரே வருகிறது. ஆமை வெளியேறும் வழியுள்ள கம்பிச்சட்டத்தை வலையில் பொருத்தலாம். மீனும் நழுவுமென்று படகுக்காரர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைப் பிழைப்பின் அச்சமென்றே நாம் கருதுகிறோம். ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னோம்: வலையில் அசைவற்று வரும் ஆமையை உடனே கடலில் எறியவேண்டாம். பின்புறத்தைச் சற்று உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்தால், சில மணி நேரம் கழித்தும் உயிர் தெளிவதுண்டு. "இது தெரியாதே!" என்றார்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப்பின் ஒரு மாலையில், சிறு பிள்ளைகளுடன் பெசன்ட் நகருக்கு மீண்டும் சென்றோம். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகளைக் கடலருகே விட்டனர். தெருவிளக்கைக் கடலின் ஒளியென மயங்கிச் சில திரும்ப, பிள்ளைகள் விளக்கின் பக்கம் வரிசையாய் நின்று மறைத்தனர். முன்பு நம்மைக் கேட்ட மூதாட்டியும் வந்திருந்தார். கடைசிக் குஞ்சு அலையில் இறங்கும்வரை அசையாமல் நின்றார்.

அடுத்த தவக்காலத்திலும் செல்வோம். வர விரும்பும் குடும்பங்கள் பங்கு இல்லத்தில் பெயர் கொடுக்கலாம், கைவிளக்கு வேண்டாம்.